ஒரு கணினி, இரண்டு இயங்குதளம்: டூயல் பூட் எங்கே உடைகிறது, ஏன்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புகள் பலவற்றில் பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் டிபிஎம் 2.0 சிப் இல்லை, அல்லது பிராசஸர் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இல்லை. அதனால் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸுக்குப் போய்விடலாம் என்றால் டாலி, அடோபி என்று லினக்ஸில் ஓடாத மென்பொருள் ஏதாவது ஒன்று காலைக் கட்டிப்போடுகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸ் பதிப்பும் இருந்தது.

பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தினால் அரை மணி நேரத்தில் இன்ஸ்டால் முடிந்துவிடும். அது சுலபமான பகுதி. பிரச்சினை ஒரு வாரம் கழித்தோ, ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகோ வருகிறது. டூயல் பூட்டில் இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று இல்லவே இல்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான் குடியிருக்கிறேன் என்றுதான் ஒவ்வொன்றும் நினைக்கிறது. தனித்தனிப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் பிரித்த பகுதியில்) இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் வாசலும் மீட்டரும் பொது என்பதுபோல, இங்கேயும் சில பொது இடங்கள் உண்டு: மதர்போர்டின் பூட் பட்டியல், இஎஃப்ஐ பார்ட்டிஷன், டிபிஎம் சிப், கடிகாரம். டூயல் பூட்டில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றில்தான் முளைக்கின்றன.

பூட் ஆகும்போது உண்மையில் நடப்பது

கணினியை எழுப்பும் மதர்போர்டு மென்பொருள் பயாஸாக இருந்த காலத்தில் டிஸ்க்கின் முதல் செக்டாரான 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டியிருந்தது. அதில் பூட் நிரலுக்கு 446 பைட், பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64 பைட், கடைசி 2 பைட் அடையாளக் குறி. இருப்பது ஒரே நாற்காலி என்பதால் யார் கடைசியாக இன்ஸ்டால் ஆனாரோ அவர் முன்னவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வார். 'முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்' என்று அன்று சொல்லிவந்ததற்குக் காரணம் இதுதான். அந்த அறிவுரை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. காரணம் மட்டும் போய்விட்டது.

பயாஸின் இடத்தில் இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. டிஸ்க்கின் தொடக்கத்தில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சிறிய ஃபேட்32 பகுதி இருக்கும். விண்டோஸ் தானாகப் பிரிக்கும்போது பெரும்பாலும் 100 எம்பி. கம்பெனியிலிருந்து வரும் லேப்டாப்புகளில் 260 எம்பியும் உண்டு. அதைத் திறந்து பார்த்தால் 'இஎஃப்ஐ' என்ற ஃபோல்டருக்குள் 'மைக்ரோசாஃப்ட்', 'பூட்' என்று இரண்டு ஃபோல்டர்கள் தெரியும். உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பை இன்ஸ்டால் செய்ததும் 'உபுண்டு' என்று மூன்றாவது ஒன்று பக்கத்தில் வந்து சேரும். அதற்குள் ஷிம், கிரப் என்ற பூட் ஃபைல்கள், எல்லாம் சேர்ந்து சில எம்பிதான். எந்த இயங்குதளம் என்று கேட்கும் மெனுவைக் காட்டுவது கிரப்; அதை எழுப்பிவிடுவது ஷிம். யாரும் யாரையும் அழிப்பதில்லை.

எதை முதலில் ஓட்டுவது என்ற வரிசை டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு 'லினக்ஸ் காணாமல் போய்விட்டது' என்று பதறுபவர்களில் பலருக்கு எதுவுமே அழிந்திருக்காது. வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலிடத்துக்கு ஏறியிருக்கும், அவ்வளவுதான். பயாஸ் அமைப்புக்குள் (யூஇஎஃப்ஐ வந்த பிறகும் பேச்சில் அதே பெயர்தான்) போய் உபுண்டுவை மேலே நகர்த்தினால் முடிந்தது. அமைப்புக்குள் நுழைய பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலீட் விசை. பூட் மெனு மட்டும் வேண்டுமென்றால் டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. விசை தெரியாவிட்டால் விண்டோஸிலேயே ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தாலும் அங்கே போகும் வழி திறக்கும்.

பழைய லேப்டாப்பாக இருந்தால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருக்கிறதா, லெகசி (பழைய பயாஸ் முறை) என்று இருக்கிறதா? விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் பென் டிரைவும் பூட் ஆக வேண்டும். ஒன்று லெகசி, மற்றொன்று யூஇஎஃப்ஐ என்று கலந்துவிட்டால் இரண்டும் நன்றாக இன்ஸ்டால் ஆகும். ஆனால் கிரப் மெனுவிலிருந்து விண்டோஸைத் திறக்க முடியாது.

பூட்டும் சாவியும்

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம், டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர். ஹோம் பதிப்பில் இதன் பெயர் டிவைஸ் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுந்த வன்பொருள் உள்ள கணினிகளில் இது தானாகவே இயங்கிவிடும். 24ஹெச்2 பதிப்பு முதல் இன்னும் பரவலாக. நான் எதையும் பூட்டவில்லையே என்று உறுதியாக நம்புகிறவரின் டிஸ்க்கும் பூட்டியிருக்கக்கூடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷனைத் திறந்து பாருங்கள்.

இந்தப் பூட்டின் சாவி டிபிஎம் சிப்பில் இருக்கிறது. கணினி எப்படி பூட் ஆனது, நம்பகமான கையொப்பம் இல்லாத பூட் ஃபைல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் எந்த நிலையில் இருக்கிறது, யார் விண்டோஸை எழுப்பினார்கள் என்பதையெல்லாம் அளந்து பார்த்து, முன்பு இருந்ததுபோலவே இருந்தால்தான் டிபிஎம் சாவியைக் கொடுக்கும். நீங்கள் செக்யூர் பூட்டை அணைத்தாலோ, கிரப் வழியாக விண்டோஸுக்குள் போனாலோ அந்த அளவு மாறலாம். மாறினால் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்கும்: ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். இது கோளாறு அல்ல, திருடனைத் தடுக்கும் ஏற்பாடு. ஆனால் அந்த எண் கையில் இல்லை என்றால் சி டிரைவில் உள்ளது எதையும் மீட்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது.

எனவே வேலையைத் தொடங்கும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்தக் கணினிக்கான மீட்பு எண்ணைத் தேடி, தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிப்பது சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். எழுதிய எண்ணின் முன் இருக்கும் கீ ஐடியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் எது எதற்கு என்று அதை வைத்துத்தான் தெரியும். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். ஹோம் பதிப்பின் செட்டிங்ஸில் அந்த வசதி இல்லை. டிவைஸ் என்கிரிப்ஷனை முழுதாக அணைத்து, அது டிஸ்க்கை விடுவித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஷட் டவுன் என்பது ஷட் டவுன் அல்ல

விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்து வைத்த மென்பொருள்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் அப்படியே உறைந்து டிஸ்க்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். சி டிரைவின் ஃபைல் அமைப்பு எந்த நிலையில் இருந்தது என்பதும் அந்த உறக்கத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும்.

இப்போது லினக்ஸ் வந்து சி டிரைவில் ஒரு ஃபைலை எழுதிவிட்டால்? அடுத்த முறை விண்டோஸ் எழுந்து, தன் நினைவில் இருக்கும் பழைய கணக்கையே நம்பி எழுதத் தொடங்கும். லினக்ஸ் வைத்த ஃபைல் காணாமல் போவது சின்ன இழப்பு. ஃபைல் அமைப்பே குழம்பிப்போவதுதான் பெரிய இழப்பு. இதனால்தான் உறக்கக் குறியைப் பார்த்ததும் லினக்ஸ் அந்த டிரைவை எழுத விடாமல் படிக்க மட்டும் திறக்கிறது, சில சமயம் திறக்கவே மறுக்கிறது. அந்த மறுப்பை மீறும் கட்டளைகள் இணையத்தில் கிடைக்கும். அவற்றைப் போடாதீர்கள்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் 'பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும்' என்ற பக்கம். மேலே உள்ள இணைப்பை அழுத்தினால் கீழே மங்கலாக இருக்கும் பெட்டிகள் உயிர்பெறும். அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் இழப்பது சில விநாடிகள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுகளுக்குப் பிறகு இந்த டிக் மறுபடி முளைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்த உறக்கம் நடப்பதில்லை. அவசரத்துக்கு அதுவும் ஒரு வழி.

இடம் பிரிப்பது

சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். உபுண்டு இன்ஸ்டாலரும் சுருக்கித் தரும். ஆனால் விண்டோஸின் ஃபைல் அமைப்பை விண்டோஸே தொடுவதுதான் பாதுகாப்பு. எவ்வளவு வேண்டும் என்பதை எம்பியில் கேட்கும்: 60 ஜிபிக்கு 61440, 100 ஜிபிக்கு 102400. உபுண்டு 24.04 கேட்கும் குறைந்தபட்சம் 25 ஜிபி; லினக்ஸ் மின்ட் 20 ஜிபி போதும் என்கிறது, ஆனால் 100 பரிந்துரைக்கிறது. வெறுமனே பழகிப் பார்க்க 60 ஜிபி ஒதுக்கலாம். 30 ஜிபி கொடுத்தால் சில மாதங்களில் அப்டேட்டுகளும் ஸ்னாப், ஃபிளாட்பாக் பொதிகளும் அதை நிரப்பிவிடும்.

200 ஜிபி காலியாக இருந்தும் 12 ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்வது அடிக்கடி நடக்கும். காரணம், நகர்த்த முடியாத ஃபைல் ஏதாவது ஒன்று டிஸ்க்கின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்திருக்கும்: பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் பதிவுகள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்கிப் பாருங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் திரும்ப இயக்க மறக்க வேண்டாம். சுருக்கிய இடத்தில் புது டிரைவ் எதுவும் உருவாக்காமல் காலியாகவே விடுங்கள்.

பென் டிரைவுக்கு 8 ஜிபி போதும். பதிவிறக்கிய லினக்ஸ் ஐஎஸ்ஓ ஃபைலை அதில் எழுத விண்டோஸில் ரூஃபஸ், பல ஐஎஸ்ஓக்களை ஒரே டிரைவில் வைக்க வென்டாய். ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ256 எண்ணைப் பதிவிறக்கப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம் இன்ஸ்டாலின் நடுவில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இன்ஸ்டாலர் திறந்து டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். சில இன்டெல் கணினிகளில் ஸ்டோரேஜ் கட்டுப்பாடு ரெய்டு அல்லது ஆர்எஸ்டி முறையில் இருக்கும்; பயாஸில் அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால், மாற்றத்துக்குத் தயாராகாத விண்டோஸ் பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று நீலத் திரை காட்டி நின்றுவிடும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட் கொடுத்து நேரே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள், விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து சரியான டிரைவரை ஏற்றிக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். பிட்லாக்கர் எண்ணையும் இங்கே கேட்கக்கூடும்.

'விண்டோஸோடு சேர்த்து இன்ஸ்டால் செய்' என்ற தேர்வு வந்தால் அதையே எடுக்கலாம். கையால் பிரிப்பதென்றால் காலி இடத்தில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்று, அதன் மவுண்ட் இடம் ரூட். பிறகு ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேர்ந்து பூட் இஎஃப்ஐ என்று குறியுங்கள். அதன் ஃபார்மேட் பெட்டியில் டிக் விழக் கூடாது. இந்த ஒரு டிக்கால் விண்டோஸின் பூட் ஃபைல்கள் முழுவதும் போய்விடும். விழுந்துவிட்டாலும் உங்கள் ஃபைல்கள் சி டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கும். விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, கமாண்ட் பிராம்ப்டில் பிசிடிபூட் கட்டளையால் அவற்றைத் திரும்ப எழுதிவிடலாம். தனி ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் போதாதபோது உதவும் இடம்) உபுண்டுவுக்குத் தேவையில்லை, ஸ்வாப் ஃபைலை அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

பாப் ஓஎஸ் போன்றவை கெர்னலையே இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் வைக்கும். அவற்றுக்கு விண்டோஸ் விட்டுவைத்த 100 எம்பி போதாது. காலி இடத்தில் தனியாக ஒரு 1 ஜிபி இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கிக் கொடுப்பது நல்லது.

செக்யூர் பூட்டை அணைக்கலாமா?

உபுண்டு, ஃபெடோரா, மின்ட் மூன்றும் அணைக்காமலே இன்ஸ்டால் ஆகும். அவற்றின் ஷிம் ஃபைலில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருக்கிறது. புதிய சில வணிக லேப்டாப்புகளில் மட்டும், விண்டோஸ் அல்லாதவற்றுக்கான மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தை ஏற்கும் அமைப்பு அணைந்தே வரும். பயாஸின் செக்யூரிட்டி பக்கத்தில் 'தேர்ட் பார்ட்டி' என்று தொடங்கும் வரியை இயக்க வேண்டும். என்விடியா டிரைவர் போட்டால் அடுத்த பூட்டில் 'எம்ஓகே மேனேஜ்மென்ட்' என்ற நீலத் திரை வரும். இன்ஸ்டால் செய்தபோது நீங்கள் வைத்த கடவுச்சொல்லை அங்கே ஒருமுறை கொடுத்துச் சாவியைப் பதிய வேண்டும். அவசரத்தில் 'கண்டின்யூ' அழுத்தினால் டிரைவர் ஏறாது.

2024 ஆகஸ்டில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாத விண்டோஸ் அப்டேட், பாதுகாப்புக் குறை உள்ள பழைய லினக்ஸ் பூட் ஃபைல்களைத் தடை செய்யும் எஸ்பேட் என்ற பட்டியலை மதர்போர்டில் எழுதியது. டூயல் பூட் கணினிகளைத் தவிர்ப்பதாகத்தான் திட்டம். ஆனால் பல கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அது கண்டுகொள்ளவில்லை. அடுத்த பூட்டில் கறுப்புத் திரையில் எஸ்பேட் சோதனை தோற்றது என்று இரண்டு வரி, பிறகு கணினி அணைந்துவிட்டது. இதற்கான நிரந்தரத் திருத்தம் 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. நாம் பேசிய பொது இடங்களில் ஒன்றை ஒருவர் மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. இப்படி நேர்ந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எம்ஓகேயூட்டில் கட்டளையால் அந்தப் பட்டியலை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்து, மறுபடி இயக்க வேண்டும். அணைத்த நிலையில் விண்டோஸைத் திறந்தால் பிட்லாக்கர் எண் கேட்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தரை மணி நேரம் எங்கே போனது?

மதர்போர்டில் பேட்டரியோடு இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. மாலை 3 மணிக்கு விண்டோஸை மூடி லினக்ஸைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். கடிகாரத்தில் 15:00 இருக்கிறது. லினக்ஸ் அதைப் பொது நேரம் என்று எண்ணி 5:30 கூட்டி இரவு 8:30 என்று காட்டும். இணையம் கிடைத்ததும் தவறை உணர்ந்து திருத்திக்கொண்டு, கடிகாரத்தில் 09:30 என்று எழுதும். திரும்ப விண்டோஸுக்கு வந்தால் காலை 9:30. நேரம் இவ்வளவு பிசகினால் சில இணையதளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தடுக்கும். இரண்டு பக்கமும் திருத்தும் ஃபைல்களில் எது புதியது என்பதும் குழம்பும்.

விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் டைம்ஸோன் பகுதியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்று ஒரு மதிப்பு உருவாக்கி 1 என்று வைப்பது ஒரு தீர்வு. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது இன்னொன்று. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் ஒரே வரி. இரண்டாவது முறையை லினக்ஸ் எச்சரிக்கையோடுதான் ஏற்கும், ஏனென்றால் கோடையில் ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளில் அது குழப்பும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்படி மாற்றும் வழக்கம் இல்லாததால் நமக்கு அந்தக் கவலை இல்லை. ஏதாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டையும் செய்தால் எதிர்ப்பக்கமாகப் பிசகும்.

கிரப் மெனுவில் விண்டோஸே வரவில்லை என்றால், 2021இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைந்திருப்பது காரணமாக இருக்கலாம். கிரப்பின் அமைப்பு ஃபைலில் அந்தத் தடையை நீக்கி, அப்டேட்-கிரப் கட்டளை கொடுத்தால் வந்துவிடும். பிட்லாக்கர் வைத்திருப்பவர்கள் கிரப் வழியே போகாமல் மதர்போர்டின் பூட் மெனுவிலேயே விண்டோஸைத் தேர்ந்தால் 48 இலக்கத் தொல்லை குறையும்.

லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி வாங்கிவிடுவதே மேல். சுருக்கும் வேலையும் இல்லை, இஎஃப்ஐ பார்ட்டிஷனும் பொது இல்லை. வாங்கும் முன் ஸ்லாட் என்விஎம்இயா சாட்டாவா, 80 மிமீ நீளமுள்ள 2280 உள்ளே அடங்குமா என்று பாருங்கள். இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றியோ பயாஸில் அணைத்தோ வையுங்கள். எங்கே வைக்கச் சொன்னாலும் பூட் ஃபைல்களை முதல் டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைக்கும் பழக்கம் உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலருக்கு இருந்தது.

லினக்ஸ் வேண்டாம் என்று பின்னால் தோன்றினால் பார்ட்டிஷனை அழிப்பதில் தொடங்காதீர்கள். அழித்தால் கிரப்பின் ஃபைல் மட்டும் இஎஃப்ஐயில் அநாதையாக நிற்கும். கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற ஒற்றைச் சொல்லோடு கணினி நின்றுவிடும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, ஒருமுறை பூட் ஆவதை உறுதி செய்யுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழியுங்கள். சுருக்கியபோது கிடைத்த இடம் சி டிரைவை ஒட்டியே இருப்பதால் எக்ஸ்டெண்ட் கொடுத்தால் சேர்ந்துவிடும். கடைசியாக இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் 'உபுண்டு' ஃபோல்டரை நீக்குங்கள். பக்கத்திலிருக்கும் 'மைக்ரோசாஃப்ட்' ஃபோல்டரில் கை படக் கூடாது.